அடிக்காத மருந்து

எங்கள் தோட்டத்தில் சோயா விதைத்தது நான். களை எடுத்தது நான். தண்ணீர் கட்டியதும் நான்தான். ஆனால் அதை வாங்குகிற கம்பெனியின் பதிவில் விவசாயி என்று இருப்பது என் வீட்டுக்காரர். பட்டா அவர் பெயரில் இருக்கிறது, கொடுத்த போன் நம்பரும் அவருடையது. கம்பத்திலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப்பை ஓட்டுகிறார். விடியுமுன் கிளம்பினால் பொழுது சாயத்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தை எட்டிப் பார்த்தால் உண்டு. கறி எடுத்த ஞாயிறு என்றால் அதுவும் கிடையாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, உழைக்கிற மனுஷர்தான். அவர் வண்டியை அவர் ஓட்டட்டும். என் செடியைப் பற்றி ஊருக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

சோயா எங்கள் பக்கத்துக்குப் புதுசு. மொச்சை தெரியும், தட்டைப்பயறு தெரியும். ஒரு கம்பெனி வந்து விதை கொடுத்தது. விளைந்ததைத் தாங்களே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னது. விதைப்புக்கு முன்னால் பயிற்சி என்று ஒரு கூட்டம் போட்டார்கள். ஆண்களுக்கு நாற்காலி. பெண்கள் நாங்கள், வந்தவர்களுக்கு டீ கொடுத்துவிட்டு வாசலில் நின்று கேட்டோம். நாற்காலியில் இருந்த பாதிப் பேர் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். நின்ற நான்தான் முழுசாகக் கேட்டேன்.

கம்பெனி ஆள் சுவரில் பெரிது பெரிதாகப் படம் காட்டினார். அசுவினி, நாங்கள் பேன் என்று சொல்கிற பூச்சி, கொழுந்தில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். இலை சுருளும், பிசுபிசுக்கும், எறும்பு ஏறும். வாரத்துக்கு ஒருமுறை தோட்டத்துக்குள் குறுக்கும் மறுக்குமாக நடந்து பத்துச் செடியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பேனைத் தின்கிற பொறிவண்டையும் அதன் குஞ்சையும்கூடப் படத்தில் காட்டினார். பேன் எவ்வளவு, பேனைத் தின்கிற பூச்சி எவ்வளவு என்று இரண்டையும் எண்ண வேண்டும். தின்கிறது கூடிவந்தால் பொறுத்திருக்க வேண்டும், மருந்துக்கு ஓடக்கூடாது. இதெல்லாம் அவர் வாயால் சொன்னது. நானாகக் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. அவர் சொன்னதைத்தான் நான் செய்தேன். செய்தது அந்த ஊரில் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

மார்கழிப் பனியோடு பேன் வந்தது. முதல் வாரம் பத்துச் செடியில் இரண்டில் இருந்தது. அடுத்த வாரம் ஏழில். கொழுந்துக்கு அடியில் பச்சையாக, ஊசி குத்த இடமில்லாமல் அப்பிக் கிடந்தது. நான் பயப்படவில்லை என்று சொன்னால் அது சும்மா. கைத்தெளிப்பானைக் கழுவித் தயாராக எடுத்து வைத்தேன். இந்த ஒரு வெள்ளாமைதான் அந்த வருஷத்துக்கு எங்களுக்கு. ஆனால் அந்த ஏழு செடியிலும் இன்னொன்றையும் பார்த்தேன். கறுப்பாக, முதுகில் ஆரஞ்சுப் பொட்டோடு, சின்ன முதலைக்குட்டி மாதிரி ஊர்கிற புழு. பொறிவண்டின் குஞ்சு அது. ஒரு பேனைக் கவ்விப் பிடித்து உறிஞ்சிவிட்டு, அடுத்ததற்கு நகர்வதை முட்டிபோட்டு உட்கார்ந்து பார்த்தேன். சேலையெல்லாம் பனி. தெளிப்பானை மறுபடி கொண்டுபோய் உள்ளே வைத்தேன். ஒரு வாரம் பொறுப்பது என்று முடிவெடுத்தேன். அன்றைய எண்ணிக்கையை நோட்டில் எழுதி வைத்தேன்.

இதற்குள் புதன்கிழமைதோறும் கம்பெனியிலிருந்து என் வீட்டுக்காரருக்கு போன் வந்துகொண்டிருந்தது. ஒரு பெண் பேசும். பூச்சி குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று கேட்கும். முதல் வாரம் அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டுச் சொன்னார். அதற்கப்புறம் ஜீப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மலைப்பாதை வளைவில் வைத்து, தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இது தெரிந்ததே தற்செயலாகத்தான். ஒருநாள் வேலையில்லாமல் வீட்டிலிருந்தபோது போன் வந்தது. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அதிகம்மா, ரொம்ப அதிகம்" என்றார்.

"எதப் பாத்துட்டு அதிகம்னு சொன்னீக?" என்று கேட்டேன்.

"கம்மின்னு சொன்னா எவன் திரும்பிப் பாப்பான்? அதிகம்னு எழுதிக் கெடந்தாத்தான், நாளைக்கு நட்டம் கிட்டம்னு எதுவும் குடுத்தா நம்ம பேரும் இருக்கும். மூணு வாரமா அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

அதைச் சாமர்த்தியம் என்று நினைத்துச் சொன்னார். எனக்கு உச்சி சூடேறியது. காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கு ஊசி போடச் சொல்லி ஆஸ்பத்திரியில் பேர் கொடுத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. நான் பனியில் முட்டிபோட்டு எண்ணிய எண்ணிக்கை என் மகளின் பழைய நோட்டில் கிடந்தது. அவர் சோற்றைப் பிசைந்து சொன்னது கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஏறியது. "சோறு போதுமா?" என்று மட்டும் கேட்டேன். வேறு வார்த்தை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்காது.

மறுநாளே காலையில் வேன் வந்து நின்றது. கம்பெனி ஆளும், ட்ரோன் ஓட்டுகிற ஒருவரும் இறங்கினார்கள். பயிற்சியில் படம் காட்டினாரே, அதே ஆள். ட்ரோனை விரித்து, டப்பாவில் மருந்தைக் கலக்கிக்கொண்டே, "சிஸ்டத்துல மூணு வாரமா அதிகம்னு இருக்கும்மா. இலவசமா அடிச்சுக் கொடுக்கிறோம்" என்றார்.

"இங்கன மருந்து வேணாம் சார். தின்கிற வண்டு வந்துருச்சு. வந்து பாருங்க" என்று ஒரு கொழுந்தை ஒடித்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் பார்த்தார். பொறிவண்டின் குஞ்சு அவர் விரலை நோக்கி ஊர்ந்தது. சட்டென்று கையை உதறினார். "பாருங்க, பேனோட சேர்ந்து புழுவும் விழுந்திருக்கு! இன்னும் வேண்டாம்ங்கிறீங்க!"

என்னத்தைச் சொல்ல? சுவரில் ஆளுயரத்துக்குக் காட்டியவருக்கு, இலையில் அரிசியளவு இருந்ததும் அடையாளம் தெரியவில்லை. "சார், இதத்தான நீங்க கூட்டத்துல படம் போட்டுக் காட்டுனீக, நல்லது செய்யிற பூச்சின்னு?" என்றேன். அவர் முகம் கறுத்தது. "விவசாயி ஓகே சொல்லிட்டாரும்மா. ஓடிபி கொடுத்துட்டார். இனி நிறுத்தணும்னா அவர்தான் எழுதித் தரணும்" என்றார். விடிகாலையில் மலையேறும்போதே என் வீட்டுக்காரர் போனுக்கு வந்த அந்த நம்பரைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினேன். நட்ட நடுவில் போய் நின்றேன். முழங்கால் உயரச் சோயா, சுற்றிலும் பனி. "ஆள் நிக்கும்போது பறக்கவிடக் கூடாது சார்" என்று ட்ரோன்காரர் சொன்னது எனக்குக் கேட்டது. அப்படியே நின்றேன். வெயில் ஏறியது. கம்பெனி ஆள் வரப்பில் நடந்தார், கத்தினார், கெஞ்சினார். கடைசியில் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து என் பக்கம் நீட்டினார்.

"ஏ புள்ள, என்ன கூத்து அடிக்கிற? அடிச்சா அடிச்சுட்டுப் போறாக, ஏறி வா வெளிய."

"ஏறி வாறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. நம்ம சோயா இப்ப எம்புட்டு ஒசரம் நிக்கிது?"

 பின்னால் ஜீப்பின் கியர் மாறியது. பிறகு, "இடுப்பளவு இருக்கும்" என்றார்.

ட்ரோன்காரர் என் முழங்காலைப் பார்த்தார். பிறகு சோயாவைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். போனுக்குள், ஜீப்பில் இருந்த எங்கள் ஊர்ப் பெண்கள் யாரோ களுக்கென்று சிரிப்பது கேட்டது. போன் வைக்கப்பட்டது. கம்பெனி ஆள், "செடி போச்சுன்னு நாளைக்கு எங்ககிட்ட வரக்கூடாது" என்று சொல்லி ட்ரோனை மடித்து வேனில் ஏற்றினார். வேன் தார் ரோட்டுக்குப் போகும்வரை நான் அசையவில்லை. 

பத்து நாள் ஆனது. அன்றைய எண்ணிக்கையில் பத்துச் செடியில் ஒன்றில்தான் பேன். மற்றதில் வெள்ளைத் தோல்கள் ஒட்டிக் கிடந்தன. மிஞ்சிய பேனிலும் சில உப்பிப்போய், உள்ளே வளர்ந்த சின்னக் குளவி துளைத்து வெளியேறிய ஓட்டை முதுகில் வட்டமாகத் தெரிய, செத்துக் கிடந்தன. புதுக் கொழுந்து விரிந்து மினுமினுத்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? யாரும் இல்லாத தோட்டத்தில் தனியாக நின்று சிரித்தேன். பொறிவண்டுகள் தின்ன ஒன்றும் கிடைக்காமல் பறந்து, கிழக்கே பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அங்கேயும் சோயா, என்னுடையதைவிட ஒரு மாதம் பின்னால் விதைத்தது.

அந்த வாரம் அவர் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'அன்பான விவசாயி அவர்களே, தங்கள் வயலில் மருந்துத் தெளிப்பு வெற்றிகரமாக முடிந்தது.' வாசித்துக் காட்டும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. அடிக்கவில்லை என்று போன் போட்டுச் சொல்லச் சொன்னேன். "விடு புள்ள. அடிச்சா என்ன, அடிக்காட்டி என்ன? பேன் போச்சுல்ல" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஆள் கேமராவோடு வந்தார். என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சோயாவுக்குள் போய் நின்றார். அந்தப் பருவத்தில் அவர் அவ்வளவு உள்ளே வந்தது அன்றைக்குத்தான். "அம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம். உங்க நிழல் விழுது" என்றார் கம்பெனி ஆள். நான் நகர்ந்தேன். எழுதிக் கொடுத்ததைப் பார்த்து என் வீட்டுக்காரர் தெளிவாகச் சொன்னார்: "பேன் பயங்கரமா இருந்துச்சு. ட்ரோன்ல ஒரே ஒரு தெளிப்பு. பத்தே நாள்ல சுத்தமாப் போயிருச்சு."

"பொய்" என்று சத்தமாகச் சொன்னேன்.

கம்பெனி ஆள் கேமராவை இறக்கினார். "சத்தம் விழுந்துருச்சு. இன்னொரு தடவை எடுத்துக்கலாம் சார்" என்றார். இன்னொரு தடவை எடுத்தார்கள். இரண்டாம் தடவை என் வீட்டுக்காரர் இன்னும் நன்றாகவே சொன்னார்.

அன்று வீட்டில் நடந்த சண்டையை முழுசாக எழுத மாட்டேன். "கம்பெனியப் பகைச்சா வெளஞ்சத நாளைக்கு எவன் எடுப்பான்? எழுதிக் குடுத்தாக, படிச்சேன்" என்று அவர் சொன்னார். அதில் நியாயம் துளிகூட இல்லையென்று என்னால் சொல்ல முடியவில்லை. சோயாவை வேறு யார் வாங்குவார்கள் என்று எனக்கும் தெரியாது. அதனால்தான் கோபம் இரண்டு மடங்கானது. நான் பனியில் எண்ணியது, பயந்தது, பொறுத்தது, வெயிலில் நின்றது எல்லாம் அந்த மருந்து டப்பாவுக்குள் போய்விட்டது. திருடுவதில்கூட ஒரு கூச்சம் வேண்டாமா? நிழல் விழுகிறது என்று என்னையே தள்ளி நிற்கச் சொல்லித் திருடினார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரி வரப்பேறி வந்தாள். என்னைவிட வயதில் இளையவள். அவள் வீட்டுக்காரர் திருப்பூரில் வேலையில் இருக்கிறார். தோட்டத்தை அவளே பார்க்கிறாள். கையில் பிசுபிசுத்த கொழுந்து, கண்ணில் தூக்கமில்லை.

"அக்கா, வீடியோ பாத்துட்டு நாங்களும் ட்ரோன் வச்சு அடிச்சோம். ஒரு வாரம் நல்லாருந்துச்சு. இப்ப முன்னவிட அதிகமா ஏறுது. ரெண்டாவதும் அடிச்சாச்சு, நிக்க மாட்டேங்கிது. உங்க தோட்டத்துல எத்தன தடவ அடிச்சீக?"

"ஒரு தடவகூட அடிக்கல ஆத்தா. நான் உள்ள நின்னு அடிக்க விடல. வண்டு தின்னு தீத்துச்சு. அந்த வண்டெல்லாம் அடுத்து உன் தோட்டத்துக்குத்தான் வந்துச்சு. மொத தடவ அடிச்சப்பவே எல்லாம் செத்துப் போயிருக்கும். இனிமே அடிக்காத, பொறு."

அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் சோயாவைப் பார்த்தாள். அது காய் பிடித்து நன்றாகவே நின்றது.

"அண்ணன் வீடியோவுல சொன்னாகளே அக்கா, அடிச்சோம்னு? அவுகளா பொய் சொல்லுவாக?"

"ஆமா, பொய்தான் சொன்னாக" என்றேன். சொந்த வீட்டுக்காரரைப் பற்றி வரப்பில் நின்று அப்படிச் சொல்ல எனக்கு எவ்வளவு கேவலமாக இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. அப்படியும் சொன்னேன்.

அவள் கொழுந்தைக் கீழே போட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"மருந்து பேரு சொல்ல மனசில்லன்னா விடுங்க அக்கா. அதுக்காக வண்டு கிண்டுன்னு கதையெல்லாம் சொல்லாதீக."

வரப்பிறங்கிப் போய்விட்டாள். அதற்கப்புறம் இன்றுவரை அவள் என்னோடு பேசுவதில்லை. அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஜீப்பை விட்டு இறங்குமுன் வழியிலேயே நிறுத்தி, அவரிடம் மருந்தின் பெயரைக் கேட்டிருக்கிறாள். அவரும் ஒரு பெயரைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.