கொசுறுப் பெயர்

ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் டாக்டரான அவளுக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். வைத்தது யாரென்று அவளுக்கும் தெரியும், கண்டுகொள்வதில்லை. காலையில் வெளிநோயாளி அறையில் பிள்ளைகளைப் பார்ப்பாள். மதியத்துக்கு மேல் மாடிப்படிக்கு அடியில் ஒரு குச்சு அறையில் உட்கார்ந்து, மருத்துவக் கல்லூரி நடத்தும் ஆய்விதழுக்கு ஆசிரியர் வேலை. அந்த வேலைக்குப் பாராட்டு கிடையாது, திட்டு மட்டும் தாராளமாக உண்டு. யார் கட்டுரை அனுப்பினாலும் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்: பெயர் போட்டிருக்கிறீர்களே, இதில் நீங்கள் செய்தது என்ன? துறைத் தலைவர் என்று ஒன்று, வேண்டியவர் என்று ஒன்று, காய் வாங்கினால் கொசுறு கொடுப்பார்களே, அந்த மாதிரி வந்து ஒட்டிக்கொண்ட பெயர்களையெல்லாம் நறுக்கி எறிந்துவிடுவாள். பெரிய பெரிய டாக்டர்கள் பல்லைக் கடித்தார்கள். கடிக்கட்டுமே என்று இருந்தாள்.

ஊருக்குத்தானே உபதேசம்! அவள் பெயரும் ஒரு கட்டுரையில் கொசுறாகத்தான் ஏறியிருந்தது.

அது அத்தான் கொடுத்தது. அக்காவின் கணவர், அதே ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா அம்மா போன பிறகு அக்காவும் அவரும்தான் அவளை வீட்டோடு வைத்துப் படிக்கவைத்தார்கள். பேராசிரியர் ஆவதற்குக் கட்டுரை ஒன்று குறைகிறது என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோது, "உன் பேரையும் சேர்த்துட்டேன், சின்னவளே" என்று சாப்பாட்டு மேஜையில் சொன்னார். அவளும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டாள். அப்போது அந்தத் துறையில் எல்லோரும் அப்படித்தான், பாவம் புண்ணியம் யார் பார்த்தார்கள்? வீசிங் வரும் பிள்ளைகளுக்கு ஒரு சிரப் நன்றாகக் கேட்கிறது என்பதுதான் கட்டுரை. அன்றிலிருந்து அவளும் அந்தச் சிரப்பையே எழுதிக்கொடுத்தாள். அதைக் குடித்தால் பிள்ளை தூங்காமல் அழுகிறது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது என்று தாய்மார்கள் வந்து நிற்பார்கள். மருந்து வேலை செய்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று தேற்றி அனுப்புவாள்.

ஒருநாள் மதியம் போன் வந்தது. வேறொரு நகரத்தில், அந்தச் சிரப்பைப் பற்றி இதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்த புள்ளியியல்காரி ஒருத்தி பேசினாள். அத்தானின் கட்டுரை இவள் நடத்தும் இதழில் ஒன்றும் வெளிநாட்டு இதழில் ஒன்றுமாக வந்திருக்கிறது. தலைப்பு வேறு, உள்ளே எண்கள் அச்சு அசல் ஒன்று. இரண்டும் ஒரே பிள்ளைகளா, வேறு வேறு பிள்ளைகளா என்று கேட்டாள். பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை.

"நீங்க பார்த்த பிள்ளைங்கதானே மேடம், உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே."

அந்தப் பிள்ளைகளில் ஒன்றின் முகத்தைக்கூடக் கத்தரி பார்த்ததில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று மென்று விழுங்கி வைத்தாள். மற்றவர்களை எத்தனை முறை அந்த இடத்தில் நிறுத்தியிருப்பாள்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் எதையும் மறைக்கவில்லை. அதே பிள்ளைகள்தான் என்றார். பிள்ளை பிறந்த சேதியை ரெண்டு வீட்டில் சொன்னால் பிள்ளை ரெண்டாகிவிடுமா என்று சிரித்தார்.

"கேட்டவங்க ரெண்டு பிள்ளைன்னு நினைச்சுட்டாங்க, அத்தான். முன்னாடி கணக்குப் பார்த்தவங்க அப்படிக் கூட்டித்தான் இந்த சிரப்பை எல்லா ஊர்லயும் கொடுக்கச் சொல்லியிருக்காங்க."

அவர் சிரிப்பு நின்றது. நீ உன் வேலையைப் பார் என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

அக்காதான் வாசல்வரை வந்தாள். ஆஸ்பத்திரியில் புதிதாகக் கட்டியிருக்கும் குழந்தைகள் வார்டுக்கு அத்தான் பெயரை வைப்பதாக முடிவாகியிருந்தது. அவருக்கு இதயமும் பலவீனம். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பலகை மாட்டற வரைக்குமாவது வாயை மூடிக்கிட்டு இருடி. அவர் போட்ட சோத்துலதான் நீ டாக்டரானே."

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடத்தான் செய்தது. இரண்டு நாள் அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் இழுத்து இழுத்து மூச்சுவிடும் ஒரு குழந்தையை அவள் முன்னால் படுக்கவைத்தார்கள். சிரப்பின் பெயரை எழுதப் போன கை நின்றுவிட்டது. இத்தனை வருஷம் எதை நம்பி எழுதினோம்? தன் பெயரையே நம்பியா?

அன்று மதியம் இதழின் துணை ஆசிரியரைக் கூப்பிட்டாள். கால்புள்ளிக்குக்கூட மல்லுக்கு நிற்கும் மனிதர் என்பதால் அவருக்குப் பெயர் கமா. என் சொந்த விஷயத்தில் நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது, நீங்களே முடிவெடுங்கள் என்று ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். அவர் இரண்டு இதழ்களையும் வரவழைத்துப் பார்த்தார், அத்தானுக்கும் எழுதிக் கேட்டார். பதில் வரவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், ஏற்கெனவே வேறிடத்தில் வந்தது என்று அறிவிப்பு எழுதிக்கொண்டு வந்து நின்றார்.

"உங்க பேர் எப்படி வந்துச்சுன்னு யாரும் கேக்கலை, மேடம். அது வேண்டாமே."

"நான் எல்லாரையும் கேட்டேனே. போடுங்க."

இந்த ஆய்வில் தான் எந்த வேலையும் செய்யவில்லை என்ற வரியையும் சேர்த்தே அச்சுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் பொறுப்பையும் அவள் விட்டுவிட்டாள். கத்தரி தன்னையே நறுக்கிக்கொண்டது என்று வராந்தாவில் சிரித்தார்கள். வார்டுக்குப் பலகை மாட்டவில்லை. அக்கா அவள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். தாயாக இருந்தவள் இப்படி ஒரேயடியாக முகத்தைத் திருப்பிக்கொண்டது அவளை உள்ளுக்குள் அறுத்தது.

பல வாரங்கள் கழித்து அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால் அத்தான். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் காதில் வைத்தாள்.

"அந்தக் கணக்குப் பொண்ணு நம்ம பிள்ளைங்களை ஒரு தடவை மட்டும் எண்ணிப் பார்த்தாளாமே. என்ன வந்துச்சு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் சொல்லித் தீர்ந்துபோயிருந்தது.

"மருந்து கேக்கலை, அத்தான். வெறும் சர்க்கரைத் தண்ணி குடிச்ச பிள்ளைங்களும் அதே அளவுக்குத் தேறியிருக்காங்க."

அந்தப் பக்கம் போதும், வைங்க என்று அக்கா சொல்வது கேட்டது. அவர் வைக்கவில்லை.

"அப்போ அதுங்க தூங்காம அழுததெல்லாம்?"

"வீணாத்தான், அத்தான்" என்றாள். "நானும்தான் கொடுத்தேன்."