ஆறு எண்ணத் தெரியாத ஊர்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஒரு நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லி மொட்டையடித்துக்கொண்டு, காவடியைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். அந்தக் கிருத்திகை வானத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் என்னிடம் கோபுரக் கலசத்தைக் காட்டினார். இன்னொருவர் காலண்டரைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

நான் பொதட்டூர்பேட்டையில் ஒரு தறி முதலாளியிடம் லுங்கி சரிபார்க்கிறேன். தறியிலிருந்து வரும் துணியை மேசையில் விரித்து, அறுந்த இழை, தப்பிய கட்டம், எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் கண்டுபிடித்துச் சாக்பீஸால் வட்டம் போடுவது என் வேலை. பிறர் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். என் கண்ணுக்கு ஓர் இழைகூடத் தப்பாது என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் கண்ணுக்கு நான் வைத்திருந்த பரீட்சைதான் கிருத்திகை. வெறும் கண்ணால் பார்த்தால் ஆறு விண்மீன் தெரிய வேண்டும். ஆறு சொன்னால் மனுஷர். ஐந்து சொன்னால் போனால் போகட்டும். நாலு என்று சொன்னவரோடு எனக்குப் பேச்சில்லை. என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏதோ கொத்தாகத் தெரிகிறது என்றார். இருபது வருஷமாக அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

வானம் பார்க்க இங்கே உருப்படியான இடமும் கிடையாது. மலைமேல் போனால் ஒரே விளக்கு வெளிச்சம். அங்கே நட்சத்திரத்தைவிட செல்ஃபி எடுப்பவர்கள் அதிகம். கனகம்மாசத்திரம் பக்கம் போனால் திருப்பதி போகும் வண்டிகளின் ஹெட்லைட் கண்ணைக் குத்தும். மிஞ்சியது கே.ஜி.கண்டிகைக்கு அப்பால் ஓர் ஏரிக்கரை. அங்கேயும் ஒருமுறை சென்னையிலிருந்து ஒரு கும்பல் டெலஸ்கோப்போடு வேனில் வந்து இறங்கியது. ஒரு மணி நேரம் அதைத் திருகினார்கள். பிறகு கைப்பேசியைப் பார்த்து, இதுதான் அது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கிருத்திகையில் எத்தனை தெரிகிறது என்று கேட்டேன். ஆயிரத்துக்கு மேல் இருக்கிறதாம். ஒரு பெண் கைப்பேசியிலிருந்து வாசித்தாள். அண்ணாந்து பார்த்து எண்ண அதில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கரையில்தான், சில வருஷங்களுக்கு முன் ஒரு மார்கழியில், எனக்கு ஆறு ஐந்தாயிற்று. அடுத்த மார்கழியில் நாலு. காரணம் உடனே தெரிந்துவிட்டது. கரையை ஒட்டிய பஸ் நிறுத்தத்தில் உயரமான கம்பம் நட்டுப் பெரிய விளக்குகளை மாட்டியிருந்தார்கள். டீக்கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். வேலை முடிந்து பஸ்ஸில் வரும் பெண்கள் இப்போதுதான் பயமில்லாமல் நடக்கிறார்கள் என்றார். பயந்தாங்கொள்ளிகளுக்காக என் வானத்தைக் கெடுப்பதா என்று மனுமேல் மனு எழுதினேன்.

"கண்ண ஒருதரம் காட்டிகினு வந்துடலாமே" என்றார் வீட்டுக்காரர்.

கொத்து என்று சொன்ன ஆள் எனக்குக் கண் வைத்தியம் சொல்கிறார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதே மாதம், நான் பார்த்து அனுப்பிய கட்டு ஒன்று, இழை அறுந்திருக்கிறது என்று திரும்பி வந்தது. ட்யூப்லைட் சரியில்லை என்றேன். முதலாளி அன்றைக்கே புது ட்யூப்லைட் மாட்டினார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. இந்தக் கண் போனால் மேசை போயிற்று, வாயும் போயிற்று. பிறகு நான் யாரைப் பார்த்துச் சிரிப்பது? அந்தப் பயத்தையெல்லாம் சேர்த்து விளக்கின் மேல் காட்டினேன்.

போன மார்கழி அமாவாசைக்கு மறுநாள், விளக்கைக் கவனிக்கும் ஆள் என் தொல்லை தாங்காமல் இறங்கி வந்தார். ராத்திரி ஏழு மணிக்குக் கால் மணி நேரம் அணைக்கிறேன், அதோடு விட்டுவிட வேண்டும் என்றார். ஆறும் தெரியட்டும், பிறகு பேசிக்கொள்கிறேன் என்று கரைமேல் ஏறினேன். டீக்கடைக்காரரும் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண்ணும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார்கள். வீட்டுக்காரர் என் பக்கத்தில் நின்றார்.

விளக்கு அணைந்தது. கிழக்கே சிவப்பாக இருப்பது ரோகிணி, அதற்கு மேலே பாருங்கள், எண்ணிச் சொல்லுங்கள் என்று அதட்டினேன். மூன்றுக்கு மேல் போகமாட்டார்கள் என்று எனக்கு நிச்சயம்.

"ஆறு கீதுக்கா" என்றார் டீக்கடைக்காரர்.

அந்தப் பெண்ணும் ஆறு என்றாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போது தினமும் பார்ப்பதுதானாம், பேர்தான் தெரியாதாம். விளக்கு எரியும்போதும் கொஞ்சம் கரைப்பக்கம் தள்ளி வந்தால் நன்றாகவே தெரியும் என்றாள். வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். என்னிடம் சொல்லாமல் அரக்கோணம் போய் வாங்கி வந்திருக்கிறார். விரலை மடக்கி மெதுவாக எண்ணி, அவரும் ஆறு என்றார். குத்திக்காட்டுகிற குரலே இல்லை. நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

நான் பார்த்தேன். சாக்பீஸ் வட்டத்தை ஈரத்துணியால் துடைத்த மாதிரி ஒரு வெளுப்பு. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். எண்ணுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

"உங்களுக்கு எத்தினிக்கா தெரியுது?" என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

"ஆறு" என்றேன்.

இருட்டில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. டீக்கடைக்காரரும் அந்தப் பெண்ணும் பேசிக்கொண்டே மளமளவென்று கரையிலிருந்து இறங்கிப் போனார்கள். நான் ஒரு காலைக் கீழே வைத்துப் பார்த்தேன். மண் எங்கே, கல் எங்கே என்று தெரியவில்லை. காலை இழுத்துக்கொண்டு வீட்டுக்காரரின் கையைப் பிடித்தேன்.

"லைட்ட போடச் சொல்லுங்க" என்றேன்.