ரயில் போகட்டும் என்று நிறுத்திய இடம்

போன வாரம் போனில் "ஓபோ" என்று தட்டினேன். வந்து கொட்டியது பாருங்கள், விரலால் தள்ளித் தள்ளிக் கை வலித்ததுதான் மிச்சம். எவன் எவனோ எழுதிய ஓபோ இசையெல்லாம் சும்மாவே கிடைக்கிறது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. வேண்டிய காலத்தில் இதெல்லாம் எங்கே போயிருந்தது?

ஓபோ என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் குற்றமில்லை. பெங்களூரில் பாதிப் பேருக்குத் தெரியாது, மீதிப் பேர் தெரிந்த மாதிரி தலையாட்டுவார்கள். கறுப்புக் குழல், மேலெல்லாம் வெள்ளிச் சாவிகள், வாயில் வைக்க நாதஸ்வரத்துக்கு இருப்பது போல ஒரு சீவாளி. சீவாளியை டம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டால் மழையில் நனைந்த கூடை மாதிரி வாசனை வரும். அந்த வாசனை வந்தால் எனக்கு ஒக்கலிபுரம் வீடு வந்துவிடும். வீடு என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரே அறை; பின்சுவருக்கு அந்தப் பக்கம் தண்டவாளம்.

நான் எலக்ட்ரீஷியன். குக் டவுனில் ஒயரிங் வேலைக்குப் போன வீட்டில் ஒரு ஜெர்மன்கார அம்மா ஓபோ ஊதிக்கொண்டிருந்தார். வேலையை விட்டுவிட்டு வாய் பார்த்தேன். கற்றுக்கொள்கிறாயா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். ஒரு மாதிரி வாசிக்க வந்த நேரத்தில் அவர் புருஷனுக்கு மாற்றல் வந்துவிட்டது. தன் பழைய ஓபோவையும் ஒரு மெல்லிய பயிற்சிப் புத்தகத்தையும் என் கையில் கொடுத்து, என்ன ஆனாலும் நடுவில் நிறுத்தாதே, கடைசிவரை வாசி என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். நல்ல புத்திமதி. கடைசிப் பக்கம் முடிந்த பிறகு என்ன செய்வது என்று மட்டும் சொல்லவில்லை.

தினமும் வேலை முடிந்து வந்ததும் அதே புத்தகம். அடுத்த அறையில் கௌரி அக்கா. கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் தையல் வேலை. நாளெல்லாம் மெஷின் சத்தம் கேட்டுவிட்டு வந்தால் இங்கே நான். ஒருநாள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏம்ப்பா, உன் டீச்சரம்மா போயி வருசம் ஒண்ணாச்சு. வேற பாட்டே இல்லியா உங்கிட்ட? எங்க சூப்பர்வைசர்கூட மாத்தி மாத்தித் திட்டறான்."

சுருக்கென்றது. ஆனால் எனக்கே சலித்துப்போயிருந்தது. புதிதாக ஏதாவது கிடைக்காவிட்டால் ஓபோவைப் பரணில் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

தேடினேன். இசைக்கருவிக் கடையில் வயலின் புத்தகம் ஒன்றை என் தலையில் கட்டினார்கள். வயலினுக்கு மூச்சு விடத் தேவையில்லை. எழுதியவனும் அந்த தைரியத்தில்தான் எழுதியிருந்தான். முதல் பக்கம் முடிவதற்குள் எனக்குக் கண் இருட்டிவிட்டது.

அப்புறம் சிவாஜிநகரில் கல்யாண பேண்டு வைத்திருந்த பாஷா பாயிடம் போனேன். அவர் கிளாரினெட் தாள் ஒன்றை நீட்டினார். அதுவும் ஊதுவது, இதுவும் ஊதுவது என்பது அவர் கணக்கு. அடுத்த ஊர்வலத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டார். கிளாரினெட்டில், எழுதியிருக்கும் சுரத்துக்கு ஒரு படி கீழேதான் சத்தம் வரும். ஓபோவில் எழுதியதே வரும். இது எனக்குத் தெரியாது, அவருக்கு ஞாபகமில்லை. பேண்டு முழுக்க ஒரு வழியில் போக, நான் மட்டும் ஒரு படி மேலே, டீச்சர் சொன்னபடி நிறுத்தாமல் வாசித்தேன். மாப்பிள்ளையின் குதிரையே திரும்பிப் பார்த்தது. பாஷா பாய் என் தோளில் கை போட்டார்.

"அரே தம்பி, நீ வேற யார் கல்யாணத்துக்கோ வாசிக்கிறே. அங்கயே போயிடு."

வீட்டுக்கு வந்து ஓபோவைப் பரணில் போட்டேன்.

ரெண்டு நாள் கழித்து, சுவருக்கு அந்தப் பக்கம் கௌரி அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே முனகுவது கேட்டது. என் பாட்டுதான். புத்தகத்தில் மெதுவாகப் போகும் அந்த ஒன்று. ஆரம்பம் சரி, முடிவும் சரி. நடுவில் மட்டும் நான் கேட்டே இராத எதுவோ. புத்தகம் இறங்கும் இடத்தில் அது ஏறியது. போய்க் கேட்டேன், அந்த நடுப்பகுதி எங்கே கிடைத்தது என்று.

"நீ ஊதறதுதான். அந்த எடம் வர்றப்பதான் தெனம் ரயிலு வந்துடுதே, ஒண்ணும் கேக்காது. நானா ஏதோ போட்டு ரொப்பிக்கிட்டேன்."

மறுபடி பாடச் சொன்னேன். வெட்கப்பட்டு, அடுப்பைப் பார்த்துக்கொண்டு பாடினார். ஊர் முழுக்க அலைந்தவனுக்கு ஒரு செங்கல் தள்ளிக் கிடைத்தது. பரணிலிருந்து ஓபோ இறங்கியது.

மறுநாள் அதை வாசித்தேன். சனியன், நடுப்பகுதி வந்ததும் ரயிலும் வந்துவிட்டது. கௌரி அக்கா கரண்டியோடு என் வாசலில் நின்று கையைக் காட்டினார். "இருப்பா. ரயிலு போவட்டும்." நிறுத்தினேன். ரயில் போனதும் மிச்சத்தை வாசித்தேன். அதன்பிறகு தினமும் அப்படித்தான். மற்றப் பயிற்சிகளிலும் ரயில் மறைத்த இடங்கள் இருந்தன; அவற்றையும் அக்காவிடம் கேட்டு வாங்கினேன்.

இப்போது அந்த அறைகள் இல்லை, இடித்துவிட்டார்கள். கௌரி அக்கா ஆனேக்கல் பக்கம் மகள் வீட்டுக்குப் போனதாகக் கேள்வி. நான் பதினாலாவது மாடியில் இருக்கிறேன். போனில் கிடைத்ததை எல்லாம் வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. யாரும் கதவைத் தட்டித் திட்டவில்லை. நேற்று அந்தப் பழைய பாட்டை எடுத்தேன். நடுப்பகுதி வந்ததும் ஓபோ தானாக வாயைவிட்டு இறங்கியது. ரயில் போகட்டும் என்று காத்திருந்தேன். பதினாலாவது மாடிக்கு ரயில் வருவதில்லை.