தேயிலையின் மூச்சு

இன்று காலை ஃபிரிஜின் மேல்கதவைத் திறந்ததும் வெள்ளைக் குளிர் முகத்தில் வந்து படிந்தது. கொழும்பு வெக்கையில் நின்றபடியே ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

அப்போது தம்பி கைக்குழந்தை. அம்மா கொழுந்து பறிக்கப் போகையில் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விட்டால் ஓயாமல் அழுவான். அதனால் அக்கா ஒரு நாள், நான் ஒரு நாள் என்று பள்ளிக்கூடம் போனோம். மற்றவள் அவனோடு வீட்டில் இருப்பாள். "போனவ வந்து, இருந்தவளுக்குச் சொல்லிக் குடுக்கணும்" என்பது அப்பாவின் சட்டம். சாயங்காலம் தேத்தண்ணியை ஊதிக் குடித்தபடி அவரும் பாடம் கேட்பார்.

என் முறை வந்த ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாமல் ரயில் சுரங்கத்துக்குள் போய், கரி படிந்த சுவரைத் தடவித் தடவிப் பார்த்தேன். மாலையில் அக்கா சிலேட்டோடு உட்கார்ந்தாள். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"தேயிலச் செடி விடுற மூச்சுதான் பனியாம். சார் சொன்னாரு" என்றேன். அப்பா தலையாட்டினார்.

"அப்ப கவ்வாத்து வெட்டி மொட்டையா நிக்கிற மலையில ஏன் பனி வருது? நாளைக்கு சார்கிட்டயே கேக்குறேன்" என்றாள் அக்கா.

பொய் தெரிந்தால் அப்பா படிப்பை நிறுத்திவிடுவார். மறுநாள் முழுக்கத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதையையே பார்த்திருந்தேன்.

மாலையில் அக்கா அப்பா முன்னால் சொன்னாள்: "கேட்டேன். வெட்டுன செடிக்கு வேரு மூச்சு விடுமாம்."

என் பொய் எப்படிப் பாடமானது? இத்தனை வருடம் கழித்து இன்று அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

சிரித்தாள். "ஒன் பாவாடையில கரியப் பாத்தேன்டி. மறுநாளு நானும் சுரங்கம் பாக்கப் போயிட்டேன்."