காசியம்மாள் ஏறிய வண்டி

காசியம்மாள் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மை அச்சுகளுக்கு மண்கூழ் ஊற்றுகிறவள். 2007 மார்கழியில் அவள் மகன் மணிபாரதி பேட்டைக்குத் திரும்பும் வளைவில் பைக்கோடு ரோட்டோரச் செங்கல் அடுக்கில் மோதிச் செத்தான். லாரியிலிருந்து சிந்திய களிமண், பனியில் நனைந்து ரோட்டில் வெண்ணெயாய்க் கிடந்தது.

"நேரா போயி வுட்டிருக்கான். ஹேண்டில ஒடிக்கவே இல்ல" என்றார்கள் பார்த்தவர்கள். வேண்டுமென்றே செய்தானோ என்றும் முணுமுணுப்பு. முந்தின நாள் அவளோடு கோபித்துக்கொண்டு அவன் பட்டினியாய்ப் படுத்தது காசியம்மாளுக்குத்தான் தெரியும்.

அதிலிருந்து அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் அவளுக்கு டயர் இழுபடும் சத்தம் கேட்டது. கூடவே வேலைக்கு நடந்து வரும் நீலாவதிக்குக் கேட்காது.

இரண்டு வருஷம் போயிற்று. அன்று விடிகாலை நீலாவதி வரவில்லை. பனிக்குள்ளிருந்து ஒரு வண்டி வந்தது. கியர் ஏறுவது தெரிந்தது, ஆனால் கிளட்ச் பிடிக்கும்போது வரும் தொய்வே சத்தத்தில் இல்லை. ஏதோ ஒரே மூச்சில் ஓடிவருவதுபோல் இருந்தது. காசியம்மாள் நடுரோட்டிலிருந்து விலகவில்லை. அந்த இழுபடும் சத்தத்துக்காகக் காத்து நின்றாள்.

அது வரவில்லை. குளிரில் பல் அடித்துக்கொள்வதுபோல் கடகடவென்று ஒரு சத்தம். அன்றும் சிந்திக் கிடந்த களிமண்ணிலேயே வண்டி அவளைச் சுற்றி விலகிப்போய் நின்றது. ஓட்டியவன் தலையிலிருந்து கால்வரை வெள்ளைச் சேறு.

"மணி?" என்றாள்.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். வேறு முகம். மோட்டார் கம்பெனியில் புது வண்டிகளை ஓட்டிப் பார்க்கிற தர்மராஜ். "அடி பட்டுச்சாம்மா?" என்றான்.

"எப்படிப்பா நீ வுழல?"

"முழுசா பிரேக் புடிச்சா சக்கரம் நின்னுடும்மா. நின்ன சக்கரம் வழுக்கிக்கிட்டு நேரா போவும், ஹேண்டில திருப்பினாலும் கேக்காது. இதுல சக்கரத்து வேகத்தப் பாத்துக்கிட்டே ஒரு கருவி இருக்குது. சக்கரம் நிக்கப்போவுதுன்னா பிரேக்க வுட்டு வுட்டுப் புடிக்கும். உருண்டாத்தான் திரும்பும்."

"கியரு மாத்தறப்ப சத்தம் தொய்யவே இல்லியே?"

"அது வேற. காலால மிதிச்சதும் இஞ்சின் ஒரு நொடி தானே அடங்கிக் குடுக்கும். கிளட்சு வேணாம்."

காசியம்மாள் செங்கல் அடுக்கைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "அப்ப எம் புள்ளயும் ஹேண்டில திருப்பியிருப்பானா?"

நடந்ததையெல்லாம் கேட்ட தர்மராஜ் சொன்னான்: "திருப்பியிருப்பாரும்மா. வண்டிதான் கேட்டிருக்காது. பயத்துல பிரேக்க இறுக்கிப் புடிச்சா யாருக்கும் அப்படித்தான் ஆவும்."

"என்னை ஏத்திக்கிட்டுப் போயி, அதே எடத்துல பிரேக்க புடி."

அவன் மறுத்தான். வேகமாய் வந்தால் இந்த வண்டியும் விழும் என்றான். அவள் ஏற்கெனவே பின்னால் ஏறியிருந்தாள்.

மெதுவாகத்தான் வந்தான். செங்கல் அடுக்கு பனியைக் கிழித்துக்கொண்டு எதிரே எழுந்தது. பிரேக் பிடித்ததும் வண்டி முழுக்க அதிர்ந்தது. ஹேண்டிலில் தர்மராஜின் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை இருப்பதுபோல் தோன்ற, காசியம்மாள் கத்தினாள்: "திருப்பு மணி!"

வண்டி திரும்பியது.

இறங்கியவள் செங்கல்லில் சாய்ந்து, இரண்டு வருஷமாக வராத அழுகையை அழுது தீர்த்தாள். தர்மராஜ் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தான். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. மண்வெட்டி கொண்டுவந்து, வெயில் ஏறும்வரை ரோட்டுக் களிமண்ணைச் சுரண்டி ஓரத்தில் தள்ளினாள்.