ஒரு விரிப்புக்கு ஒரு காட்சி

விரிப்பின் இரு முனைகளையும் விரல்களில் கவ்விக்கொண்டு, "நேத்து எங்க விட்டேன்?" என்று கேட்பாள். எங்கே விட்டாள் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் எதிர்முனையைப் பிடித்திருப்பவள்தான் சொல்ல வேண்டும், அதுதான் முறை.

"கோர்ட்டு வாசல்ல, அக்கா."

"ஆங், கோர்ட்டு வாசல்." ஓர் உதறு உதறுவாள். உருளை இஸ்திரியின் சூடு ஆறாத துணி பட்டென்று அறையும். கதை தொடங்கிவிடும்.

பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடம் அது. காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு வரை அவள் நிற்பது மடிப்பு மேசையில். ஒரு விரிப்புக்கு இரண்டு பேர். விலகி நின்று இழுத்துப் பிடிப்பார்கள், எதிரெதிரே நடந்துவந்து முனைகளைச் சேர்ப்பார்கள், மறுபடி விலகுவார்கள். துவைக்கும் எந்திரங்களின் இரைச்சலில் தள்ளி நின்று சொல்வது பாதிதான் காதில் விழும். ஆகவே முக்கியமானதையெல்லாம் நெருங்கும்போதுதான் சொல்வாள். "கையை ஓங்கிட்டான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு விலகிப் போவாள். அடி விழுந்ததா, தப்பித்தாளா என்று அறிய அடுத்த மடிப்பு வரை தவம் கிடக்க வேண்டும்.

ஒரு காட்சிக்கு ஒரு விரிப்பு. இருபத்திரண்டு நிமிடத் தொலைக்காட்சித் தொடர் அவள் வாயில் ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓடும். நடுவில் "விளம்பரம்" என்று அறிவித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவாள். இரண்டு மணிக்கு மணி அடித்தால், கதாநாயகி கிணற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தாலும் சரி, "தொடரும்" என்று சொல்லி ஏப்ரனைக் கழற்றிவிடுவாள். அதுவே அவள் பெயராகிப்போனது. சூப்பர்வைசர்கூட, "தொடரும், இங்க கொஞ்சம் வாம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்.

அவளுக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, பார்த்ததில் ஒரு காட்சியையும் விழுங்கியதில்லை, இல்லாததை ஒட்டியதும் இல்லை. மற்றது, பதினாறு வருடத்தில் அவள் கையிலிருந்து ஒரு விரிப்பும் தரையைத் தொட்டதில்லை. தரையைத் தொட்ட விரிப்பு, வெள்ளை வெளேரென்று இருந்தாலும், சிவப்புத் தொட்டிக்குப் போய் முதலிலிருந்து துவைபட வேண்டும். நோயாளியின் புண்ணில் படப்போகும் துணி. அந்த விதியில் அவளுக்கு வளைந்து கொடுப்பதென்பதே கிடையாது.

தொழில்புத்தி தொலைக்காட்சிக்குள்ளும் போகும். தொடரில் யாராவது சாகக் கிடந்தால் மற்றவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். இவள், "அது ஆஸ்பத்திரி விரிப்பே இல்ல. மடிப்பே சரியில்ல. கடையில வாங்கிட்டு வந்து அப்படியே போட்டிருக்கானுங்க" என்று அடித்துச் சொல்வாள். விரிப்பு வண்டி தள்ளும் வண்டிக்காரர், ஒருமுறை அவரே வீட்டில் உட்கார்ந்து தொடரைப் பார்த்துவிட்டு வந்து, "நீ சொல்ற அளவுக்கு அவங்க எடுக்கலையே" என்று குறைப்பட்டுக்கொண்டார். அன்றோடு கூடத்தில் யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பது அவள் வேலை. கேட்பது மற்றவர்கள் வேலை.

இந்த நாட்களில் அவள் சொல்லிக்கொண்டிருந்த தொடர் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒருமுறை ஓடி முடிந்தது. அதன் நாயகி ஒரு டீச்சர். சான்றிதழ்களைக் கணவன் அடுப்பில் போட்டு எரித்த மறுநாள், அவள் வீட்டை வெளியிலிருந்து பூட்டி, சாவியைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள். அதுதான் அப்போதைய கடைசிக் காட்சி. இப்போது அதே தொடரைத் தூசு தட்டி மறுபடி தொடங்கியிருந்தார்கள். டீச்சர் வக்கீல் உடுப்பில் வந்தாள். கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

எல்லோரையும்விட அதிகம் நிமிர்ந்தவள், இவளோடு எதிர்முனை பிடிக்கும் பெண். வேலைக்கு வந்து எட்டு மாதமாகியும் கூடத்தில் அவளுக்குப் பெயர் 'புதுசு'. முதல் நாள் முனையைப் பிடிக்கக் கை நீட்டியபோது மணிக்கட்டில் கயிறு பதிந்த தடம் இருந்தது. இவள் அதைப் பார்த்தாள். "உனக்கு ஒரு பழைய கதை சொல்றேன், முதல்லேருந்து" என்றாள். டீச்சரின் கதையை நாற்பது நாள் சொன்னாள். சாவி தபால் பெட்டிக்குள் விழுந்த நாளில் புதுசு விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அதன்பின் கணவன் வீட்டுக்குப் போகவில்லை. அண்ணன் வீட்டில், ரிமோட்டைக் கையிலிருந்து இறக்காத அண்ணியோடு, ஒரு மூலையில் இருந்துகொண்டாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கணவன் வீட்டார் வரப்போகிறார்கள், சமாதானம் பேசி அழைத்துப் போக. அண்ணனும் தலையாட்டிவிட்டான். 'தலையெழுத்து, நாம என்ன செய்ய முடியும்' என்று அவன் சொன்னானாம். தலைமேல் எழுதுகிறவர்களுக்கெல்லாம் மேசையும் நாற்காலியும் இருக்கின்றன, அடிபடும் கை மட்டும் அவர்களுடையதில்லை என்பதை அவனுக்கு யார் சொல்வது?

இந்த நிலையில்தான் அந்த வியாழக்கிழமைப் பகுதி வந்தது.

முந்தைய நாள்வரை நீதிமன்றத்தில் கணவனைக் கூண்டிலேற்றி வியர்க்க வைத்துக்கொண்டிருந்த டீச்சர், அன்று மாலை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அவன் வீட்டு வாசலில் நின்றாள். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். அவள் உள்ளே போனாள், காலில் விழுந்தாள், "தப்பெல்லாம் என்மேலதான்" என்றாள். அவன் மன்னித்தான். அவன்! மாமியார் அந்தப் பழைய சாவியைக் கொண்டுவந்து டீச்சரின் இடுப்பில் செருகினாள். குழல் இசை.

தொடரும் தன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்தாள். முதலில், நடுவில் கண்ணயர்ந்து நான்கைந்து பகுதிகளைக் கோட்டைவிட்டோமோ என்று தோன்றியது. கையிலிருந்த டம்ளர் இன்னும் சுட்டது, தூங்கவில்லை. இது டீச்சரின் கனவாக இருக்கும் என்று விளம்பரங்கள் முடியும்வரை காத்திருந்தாள், அவள் திடுக்கிட்டு எழுவாள் என்று. எழவில்லை. நாளைய பகுதியின் முன்னோட்டத்தில் டீச்சர் அவனுக்குச் சிரித்துக்கொண்டே சோறு ஊட்டினாள்.

"டீச்சருக்கு இரட்டைப் பிறவி யாராவது உண்டா?" என்று தன் கணவனைக் கேட்டாள். அவர் பஸ் டிப்போவில் காவல்காரர், சாதுவான மனிதர்.

"எனக்குத் தெரிஞ்சு இல்லை. டீச்சரா நடிக்கிற பொண்ணுக்கு வேற படம் கிடைச்சிருக்கும். சீக்கிரம் முடிச்சு அனுப்புறாங்க."

"அதுக்கு கால்ல விழணுமா? ரயில் ஏறிப் போகக் கூடாதா?"

"என்னைக் கேட்டா? நானா எழுதினேன்?"

யார் எழுதினார்கள் என்பதுதான் அவளுக்கும் தெரியவேண்டியிருந்தது. திரையின் அடியில் ஓடிய எண்ணுக்கு அழைத்தாள். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்' என்றது ஒரு பதிவுக் குரல். பிறகு அதே குழல் இசை. அதனிடமே கேட்டாள்: "ஏங்க, டீச்சருக்கு என்னங்க ஆச்சு?" இசை முடிந்து இணைப்பு அறுந்தது.

மறுநாள் காலை முதல் விரிப்பு பேச்சில்லாமல் மடிந்தது. இரண்டாவதும்.

"என்ன தொடரும், கரண்ட் போச்சா?" என்றார் வண்டிக்காரர்.

"நேத்து எங்க விட்டேன்னு நீங்க கேக்கலையே, அக்கா" என்றாள் புதுசு.

கேட்டாள். "கூண்டுல நிக்கிறான்" என்று பதில் வந்தது. அவள் வாய் தானாகத் தொடங்கிவிட்டது. டீச்சர் அந்த வீட்டு வாசலுக்கு வந்ததைச் சொன்னாள். படி ஏறியதைச் சொன்னாள். பிறகு, பதினாறு வருடத்தில் முதல் தடவையாக, பார்க்காத ஒன்றைச் சொன்னாள். "நேரா பீரோகிட்ட போனா. திறந்தா. எரிஞ்சது போக மிச்சமிருந்த சர்டிபிகேட்டை எடுத்தா. திரும்பிப் பாக்காம வந்துட்டா."

கிழிந்த தலையணை உறைகளுக்கு ஒட்டுப்போடும் கண்ணாடியக்கா தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டு, "அப்படிப் போடு!" என்றாள். புதுசின் முகத்தில் விளக்கேற்றியது போல் ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தைப் பார்க்கத்தான் சொன்னவளால் முடியவில்லை. எதிரே வந்து முனைகளைச் சேர்க்கும்போது துணியின் ஓரத்தையே பார்த்தாள்.

"அதில்லையே" என்றார் வண்டிக்காரர், பாவம், கெடுதல் நினைக்காமல். "என் மருமக போன்ல காட்டினா. கால்ல இல்ல விழுந்தா?"

அவள் விரிப்பின் முனையை விடாமல் வண்டிக்காரர் பக்கம் திரும்பினாள்.

"ஆமா" என்றாள் அவள். "விழுந்தா. நான்தான் பொய் சொன்னேன்."

அவ்வளவுதான், கூடம் இரண்டுபட்டது.

"பன்னெண்டு வருஷமா நின்னவளுக்கு திடீர்னு கால் வலிச்சிடுச்சா, விழுறதுக்கு?" என்றாள் கண்ணாடியக்கா. "எழுதினவன் கையில கொள்ளி வைக்க."

"வயசாகுது இல்ல, மனசு மாறியிருக்கும். குடும்பம்னா அப்படித்தான்" என்றார் வண்டிக்காரர்.

"உங்க வீட்டுல யார் கால்ல யார் விழுறாங்க, அதைச் சொல்லுங்க முதல்ல."

"ஏம்மா, கதையில நடந்ததுக்கு என்னை ஏன் தையல் மெஷின்ல விட்டு ஆட்டுற?"

"தொடரும் பொய் சொல்லும்னு நான் நினைக்கவே இல்லை" என்றார் சூப்பர்வைசர், அறை வாசலில் நின்றபடி. டீச்சர் விழுந்ததைவிட அவருக்கு இதுதான் அதிர்ச்சி. அவரும் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது கூடத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

பேச்சு ஓயட்டும் என்று அவள் காத்திருந்தாள். அதே விரிப்பு, பாதி மடித்தபடி, இரண்டு பெண்களுக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. எட்டு மாதத்துக்கு முன் இந்தப் பெண்ணுக்குக் கதை சொன்னது சரியா, தப்பா? ஒரு கதையை நம்பி ஒருத்தி வீட்டைவிட்டு வெளியே நிற்க, அந்தக் கதையே திரும்பி உள்ளே போய்விட்டால், சொன்னவள் என்ன செய்வாள்?

புதுசு அருகே வந்தாள். நெருங்கும்போதுதானே முக்கியமானதைப் பேச வேண்டும். அதை அவளும் கற்றிருந்தாள்.

"அக்கா. டீச்சரே போயிட்டான்னா, நான் ஞாயித்துக்கிழமை..."

"எனக்கே புரியலடி" என்றாள் அவள். "அவ ஏன் போனான்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். ஒரு காரணமும் கிடைக்கல. அவங்க காட்டவும் இல்ல. எத்தனை மணிக்கு வர்றாங்க?"

"பத்து மணிக்கு."

"உன் அண்ணன் வீடு எந்தப் பஸ்?"

புதுசு சொன்னாள். அவள் அந்தப் பஸ் எண்ணை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கையிலிருந்த விரிப்பைக் குனிந்து பார்த்தாள். நேற்றைய காட்சி அதில்தான் பாதி மடிந்து கிடந்தது. கறை இல்லை, சுருக்கம் இல்லை, இன்னும் சூடு ஆறவில்லை.

சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டே இருக்க, விரல்களை விரித்தாள். விரிப்பு தரையில் விழுந்தது. அது முழுவதும் தரையில் படியும்வரை நின்று பார்த்துவிட்டு, சுருட்டி எடுத்துப் போய், முதலிலிருந்து துவைபட, சிவப்புத் தொட்டிக்குள் போட்டாள்.