முதல் கை விதை

எங்கள் பக்கத்தில், பிள்ளை பெறும்போது இறந்துபோன பெண்ணைப் "பிள்ளப்பேத்துல போயிட்டா" என்பார்கள். காரியாபட்டிச் சந்தைக்குப் போயிட்டா என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொல்வார்கள். கேட்டவர்களும் "எந்த ஊர்க்காரி?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். வெளிநாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில், அப்படி அடுத்த பேச்சுக்குத் தாவுகிறவர்களை அந்தப் பேச்சிலேயே கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பதுதான் என் வேலை.

அருப்புக்கோட்டையில் இருந்த ஒரு பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியிலிருந்து கிராமங்களுக்குப் போகும் நர்சம்மாவுக்குத் துணையாக என்னைச் சேர்த்திருந்தார்கள். அவர் வடக்கே தூரத்து ஊர்க்காரர். அவர் தமிழ் எங்கள் சனங்களுக்குப் பிரசங்கம் மாதிரிக் கேட்கும். "உதிரப்போக்கு" என்பார், பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். நான் "ரெத்தம் நிக்காம ஊத்துறது" என்பேன். உடனே நாலு பேர் நாலு கதை சொல்வார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. மனப்பாடமான கோயில் பாட்டுகளைப் புத்தகத்தில் விரல் வைத்துத் தேடி எழுத்துக் கற்றவள் நான். எழுத்தைவிட வாய் நீளம். அதனால்தான் கூப்பிட்டார்கள்.

பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரி போட்டு ஓடும் பஸ்ஸில் பந்தல்குடி ரோட்டில் இறங்கி, கரிசல் காட்டில் நடப்போம். கிணற்றடி, களம், பருத்திக்காடு என்று பெண்கள் இருக்கும் இடத்தில் நின்று, பிரசவத்துக்கு வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிப் பேசுவோம். சொன்னதையே சொல்லிச் சொல்லி என் வாய்க்கே அலுத்துவிட்டது. கால் வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியாது. ஒரு கிணற்றடியில் ஒருத்தி கயிற்றை இழுத்துக்கொண்டே கேட்டாள்:

"ஏத்தா, நீ எத்தன பெத்த?"

"நாலு."

"எந்த ஆஸ்பத்திரியில?"

"வீட்டுலதான்."

கிணற்றடியே சிரித்தது. "கேட்டீகளா, நம்மள மட்டும் வண்டி கட்டச் சொல்றா!"

"நான் தப்பிச்சேன் மதினி. தப்பிச்சவதான வந்து ஒங்ககிட்டப் பேச முடியும்? தப்பாதவ வந்து பேச மாட்டாள்ல" என்றேன். சிரிப்பு நின்றது. ஆனால் யாரும் வண்டி கட்டவில்லை.

நான் சொல்ல வந்த ஊர் பந்தல்குடிக்குக் கிழக்கே உள்ளே தள்ளி இருந்தது. அந்த வருஷம் புரட்டாசி முழுக்கக் காய்ந்து, ஐப்பசியும் பாதி போன பிறகுதான் மழை இறங்கியது. நாங்கள் போன காலையில் தெருவெங்கும் சாணிப்பாலில் பிசறிய பருத்தி விதை காய்ந்துகொண்டிருந்தது. ஈரம் போவதற்குள் விதைக்க வேண்டும். யாரும் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அங்கே ஒரு வழக்கம். விதைப்பு நாளில் முதல் கை விதையை வயிற்றுப்பிள்ளைக்காரிதான் போட வேண்டும். அந்தச் சமயம் ஊரில் நிறைமாதத்தை நெருங்கியவள் ஒருத்திதான். கல்யாணமாகி நாலு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து உண்டானவள். முகமும் காலும் நன்றாக வீங்கியிருந்தன. அந்த வீக்கத்தைப் பார்த்துத்தான் ஊருக்கு அத்தனை சந்தோஷம். உடம்பில் நீர் கோத்த சூலி கை வைத்தால் காட்டிலும் நீர் நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆளுக்கு ஆள் தங்கள் புஞ்சைக்கு வரச் சொல்லி அவள் வீட்டு வாசலில் நின்றார்கள்.

நர்சம்மா அவள் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

"தலை வலிக்கிறதா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்துப் பதில் சொன்னாள்.

"தலைக்குள்ள ஒலக்கை போடுற மாதிரி இருக்குக்கா. கண்ணுல பூச்சி பூச்சியாப் பறக்குது. அத்தை வெயிலுன்னு சொன்னாக."

நர்சம்மா என்னைத் தனியே அழைத்து, இது ஜன்னி இழுப்பதற்கு முந்திய நிலை, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் தாயும் தங்க மாட்டாள் என்றார். நான் மாமியாரிடம் போனேன். அவர் ஓலைப்பெட்டியில் கம்பு விதையை அளந்து கொட்டிக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, இந்த வீக்கம் நல்லதில்ல. வண்டியக் கட்டச் சொல்லுங்க."

"என்னத்தா சொல்ற? மழையே இவ ஒடம்புல நீரு எறங்கினதுக்கு அப்புறந்தான் வந்துச்சு. ரெண்டு நாளு பொறு. வெதைச்சிட்டுக் கூட்டிட்டு வாரோம்."

"ஈரம் ரெண்டு நாளு நிக்கும் பெரியம்மா. இவ நிக்க மாட்டா."

"வாயக் கழுவு! நெறமாசக்காரி வாசல்ல நின்னு பேசுற பேச்சா இது?"

அவர் கோபத்தில் கெட்ட எண்ணம் இல்லை. போன வருஷம் விதைத்ததெல்லாம் கருகி, அவர்கள் புளியங்கொட்டையை அவித்துத் தின்ற வீட்டுக்காரர்கள். நான் அந்தப் பெண்ணிடமே திரும்பினேன். நீயே சொல்லு, வாரேன்னு சொல்லு என்றேன். அவள் குனிந்துகொண்டாள்.

"நாலு வருசமா என்னய வெதைப்பெட்டிப் பக்கம் விடாதவுகக்கா இவுக. எதுக்க வந்தாலே மொகத்தத் திருப்பிக்கிடுவாக. இன்னைக்கு வீடு தேடி வந்து கையப் பிடிச்சுக் கூப்புடுறாக. வரலன்னு எப்பிடிக்கா சொல்லுவேன்?"

அப்போதுதான் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, பொழுது போயிருச்சா?" என்றாள். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

அதைக் கேட்டதும் விதைப்பெட்டியோடு வாசலில் நின்றிருந்த அவள் புருஷன் அதைக் கீழே வைத்துவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனான். மாமியார் எழுந்து வாசலுக்கு வந்தார். பிறகு, "அவ காட்டுக்குப் போக வேணாம். வெதை இங்க வரட்டும். வண்டியில இருந்தே தொட்டுக் குடுக்கட்டும்" என்று தெருவுக்குச் சொல்லி அனுப்பினார்.

வண்டியில் வைக்கோல் பரப்பி அவளைப் படுக்க வைத்து, மாமியாரோடு நாங்களும் ஏறிக்கொண்டோம். தெரு முழுக்கப் பெட்டியோடு ஓடி வந்தது. கண் மூடியபடியே அவள் கையை நீட்டினாள். ஒவ்வொருத்தரும் பெட்டியை அந்தக் கைக்கு அடியில் கொண்டுபோய்ப் பிடித்தார்கள். நர்சம்மா பொறுக்க முடியாமல், "போதும், போதும், வண்டியை எடுங்கள்" என்று கத்தினார். "எங்க பெட்டி மட்டுந்தான் நர்சம்மா, ஒரே ஒரு பெட்டி" என்று வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தவர்களும் உண்டு. அவர்களை நான் என்ன சொல்லட்டும்.

நனைந்த கரிசல் சக்கரத்தில் அப்பி அப்பி வண்டி நகரவே இல்லை. புருஷன் இறங்கி வேலங்குச்சியால் மண்ணை வழித்துவிடுவான், கொஞ்ச தூரம் போகும், மறுபடி நிற்கும். ஓடையைத் தாண்டும்போது அவளுக்கு இழுப்பு வந்தது. பல் கிட்டி, கண் மேலே சொருகி, வண்டி குலுங்குகிற மாதிரி உடம்பு குலுங்கியது. மாமியார், "பேய் புடிச்சிருச்சே, வேப்பங்கொத்து ஒடிங்க!" என்று அலறினார். நர்சம்மா அவளை ஒருக்களிக்க வைத்துப் பிடித்துக்கொண்டு நாக்கு கடிபடாமல் துணியைச் சுருட்டி வைத்தார். நான் மாமியாரைப் பிடித்துக்கொண்டேன்.

ரோட்டுக்கு வந்ததும் கரி பஸ்ஸை மறித்தோம். உள்ளே இருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். மேட்டில் பஸ் மூச்சு வாங்கியபோது அவர்களே இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஜன்னலுக்கெல்லாம் கருப்புத் துணி போட்டு அவளை இருட்டறையில் வைத்தார்கள். வெளிச்சமும் சத்தமும் பட்டால் மறுபடி இழுக்கும் என்றார் டாக்டரம்மா. பிள்ளை வயிற்றிலேயே இறந்திருந்தது. ஆண்பிள்ளை.

அதைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தபோது மாமியார் வாயைத் திறந்தார். எங்கள் சனங்களுக்கு அழுகை என்றால் மூன்று தெருவுக்குக் கேட்க வேண்டும், மாரில் அடித்துக்கொள்ள வேண்டும். நான் அவர் கையைப் பிடித்து, "பெரியம்மா, சத்தம் போட்டா உள்ள இருக்கவளுக்கு மறுபடி இழுத்துரும்" என்றேன். அவர் சேலைத் தலைப்பை அள்ளி வாய்க்குள் திணித்துக்கொண்டார். அப்படியே சுவரோரம் உட்கார்ந்து, தோள் மட்டும் குலுங்க, பொழுது சாயும் வரை இருந்தார். எத்தனையோ சாவு வீடு பார்த்திருக்கிறேன். சத்தமில்லாத அழுகையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவள் பிழைத்தாள். கண் தெளிந்து, ஆட்களை அடையாளம் கண்டு, கஞ்சி கேட்டாள். கஞ்சியைக் குடித்து முடித்த பிறகு மாமியாரே அவளிடம் பிள்ளை தங்கவில்லை என்று சொன்னார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

புருஷன் வெளியே வேப்பமரத்தடியில் என்னிடம் வந்தான்.

"ஊருல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயித்தான் பிள்ளையக் கொன்னுட்டாகன்னு பேச்சு ஓடுதாம்."

"உள்ளதச் சொல்லுங்க தம்பி."

"நான் சொன்னா, பொண்டாட்டி பேச்சுக் கேட்டு ஆடுறாம்பாக. நீங்க வந்து சொல்லுங்கக்கா."

எனக்கு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவே மனசில்லை. வீட்டில் என் பிள்ளைகள் நாலும் நான் வைத்துவிட்டுப் போன பழைய கஞ்சியைத் தின்று நாளை ஓட்டிக்கொண்டிருந்தன. ஆனாலும் அவன் கேட்ட விதத்தில் மறுக்க முடியவில்லை.

நாங்கள் போனபோது காடெல்லாம் பச்சை கட்டியிருந்தது. கிணற்றடியில் எங்களைக் கண்டதும் ஒருத்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு, "வந்துட்டாக, பிள்ளையக் குடிச்சவுக" என்று காதுபடச் சொல்லிவிட்டுப் போனாள். நான் உட்கார்ந்தேன். வீங்கியதிலிருந்து இருட்டறை வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னேன். கதை மாதிரிச் சொல்லத் தெம்பில்லை. நடந்ததை நடந்தபடி, நின்று நின்று சொன்னேன். பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். இருந்தவர்களும் தண்ணீர் இறைக்கத் திரும்பினார்கள்.

கடைசியாக ஒரு அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"எம் மக பிரசவத்துக்கு வந்திருக்காத்தா. வெரலு வீங்கி மெட்டி எறுகிப்போச்சு. எண்ணெ போட்டு, நூலு சுத்தித்தான் கழட்டினோம். அதுவும் இதுதானா?"

நர்சம்மா அப்போதுதான் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டியிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"வீடு எங்கத்தா?" என்றேன்.